அவருடைய கருணை வேறு என்றால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடவுள் சொல்லுக்கு அப்பாற்பட்டவர் என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே கருணைக்கடல், தந்தை, நீதிமான் என்று அடுக்குகிறார்கள். பச்சைக் குழந்தைகள் நோயில் சாகிறபோது அந்தக் கருணை எங்கே என்று கேட்டால், ‘அவருடைய கருணை நம் கருணை போன்றதல்ல’ என்று பதில் வருகிறது. இது நழுவல்தானே? சொல்ல முடியாதென்றால் பேசாமல் இருந்துவிடலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் காட்டும் இடத்தில் அது நழுவல்தான். 1950இல் ஆண்டனி ஃப்ளூ என்ற தத்துவவாதி இதைத்தான் கேட்டார்: ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு திருத்தம் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அந்தக் கூற்றில் என்ன மிஞ்சும்? ‘கருணை’யிலிருந்து நமக்குத் தெரிந்த பொருளையெல்லாம் உருவிவிட்டால், அந்த இடத்தில் ‘கொடுமை’ என்று எழுதினாலும் ஒன்றுதான்.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் ‘அப்பாற்பட்டவர்’ என்பதை இப்படிக் கையாளவில்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் ‘நேதி நேதி’ (இதுவல்ல, இதுவல்ல) வரும் பகுதியைப் பாருங்கள். முதலில் பிரம்மத்துக்கு உருவுள்ளது, உருவற்றது என்று இரண்டு நிலைகள் சொல்லப்படுகின்றன. மறுப்பு அதற்குப் பிறகே வருகிறது. சங்கரர் வாசிப்பில் அந்த இரண்டுமே விலக்கப்படுகின்றன. ‘எங்கள் கடவுள் உருவமற்றவர்’ என்று பெருமைப்படுபவர்களுக்கும் இங்கே இடமில்லை! மறுத்த கையோடு உபநிடதம் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. ‘சத்தியத்தின் சத்தியம்’ என்று ஒரு பெயரைத் தருகிறது.

12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் மறுப்பை மட்டுமே நம்பினார். கப்பலைப் பார்த்திராத ஒருவனுக்கு, அது கனிமமல்ல, செடியல்ல, உயிரினமல்ல, உருண்டையல்ல என்று ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டே வந்தால் அவன் கப்பலை நெருங்கிவிடுவான் என்பது அவர் உதாரணம். வாயால் மறுத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்பதில் அவர் கறார். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கப்பல் உலகப் பொருள்களில் ஒன்று, அதனால் வட்டம் குறுகுகிறது. கடவுள் அந்த வட்டத்துக்குள் இருக்கும் பொருளே அல்ல என்றால் எதை நோக்கிக் குறுகும்?

13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வேறு வழி எடுத்தார். ‘ஆரோக்கியமான உடல்’, ‘ஆரோக்கியமான உணவு’ என்கிறோம். இரண்டிலும் பொருள் ஒன்றல்ல, தொடர்பற்றதும் அல்ல. உடலின் நலத்துக்குக் காரணமாவதால் உணவுக்கு அந்தச் சொல் போகிறது. கடவுளைப் பற்றிய சொற்களும் இப்படி உறவின் வழியாகவே பொருள்படுகின்றன என்றார்.

ஆகவே ‘அவர் கருணை வேறு’ என்பவரிடம், எதை நீக்கினீர்கள், எதை வைத்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். மனம் கலங்குவதை நீக்கலாம். உடலும் உணர்ச்சியும் உள்ளவர்களுக்குரியது அது. பிறர் நலம் நாடுவதையும் நீக்கிவிட்டால் சொல்லே காலி. அதை வைத்துக்கொண்டாரானால் உங்கள் குழந்தைக் கேள்வி அப்படியே நிற்கும். மொழியின் எல்லை அதற்குப் பதிலாகாது.

பேசாமல் இருக்கலாமே என்றீர்கள். நம்மாழ்வார் ‘ஆணல்லன் பெண்ணல்லன்’ என்று தொடங்கி, ‘உளனல்லன் இல்லையல்லன்’ வரை போகிறார். முடிவில் ‘கோணை பெரிதுடைத்து எம் பெம்மானைக் கூறுதலே’ என்று அலுத்துக்கொள்கிறார். கோணை என்றால் சிக்கல். சொல்வது பெருஞ்சிக்கல் என்கிற அதே அடியில்தான் ‘எம் பெம்மான்’ என்றும் இருக்கிறது. எல்லா வர்ணனையும் விழுந்த பிறகும் அவர் விடாத சொல் அது.