வாசகர் கேள்வி – பதில்: தந்தையின் பட்டம் மகளுக்கு வந்த நாள்

இந்தியாவின் கடைசி பிரிட்டிஷ் வைஸ்ராயான மவுண்ட்பேட்டன் பிரபுவின் மூத்த மகள் பட்ரீஷியா, 1979இல் ஒரே நாளில் தந்தையையும் பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்தவர், அன்றே தந்தையின் பட்டத்துக்கும் உரியவரானவர் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: 1947ஆம் ஆண்டு டெல்லியில் எடுத்த படங்களில் காந்தியடிகள், நேரு ஆகியோருக்கு அருகில் மவுண்ட்பேட்டன் குடும்பத்து இளம்பெண் ஒருவர் காணப்படுகிறாரே, அவர்தான் பட்ரீஷியாவா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இல்லை ஐயா, அவர் தங்கை பமீலா. மவுண்ட்பேட்டன் தம்பதிக்கு மகன் கிடையாது. 1924இல் பிறந்த பட்ரீஷியா, 1929இல் பிறந்த பமீலா என இரண்டு மகள்கள் மட்டுமே. தந்தை வைஸ்ராயாகப் பொறுப்பேற்று டெல்லிக்கு வந்தபோது, மூத்தவர் திருமணமாகி ஐந்து மாதங்களே ஆன நிலையில் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். அவருடைய தலைமகன் நார்டன் பிறந்தது அதே ஆண்டு அக்டோபரில்தான்.

ஆயினும் அவருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1943இல், பத்தொன்பதாவது வயதில், பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவில் சமிக்ஞைப் பணியாளராகச் சாதாரண நிலையில் சேர்ந்து, 1945இல் அதிகாரியாகி, தந்தை தளபதியாக இருந்த தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தலைமையகம் இருந்தது இலங்கையின் கண்டியில். மதுரையிலிருந்து டெல்லி இருக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் கண்டி நமக்கு அண்டை ஊர். தந்தையின் மெய்க்காவல் அதிகாரியாகப் பணியாற்றிய ஜான் நாட்ச்புல் என்னும் பிராபர்ன் பிரபுவை அவர் அறிந்ததும் அக்காலத்தில்தான். அந்த இளைஞரின் தந்தை பம்பாய்க்கும் பிறகு வங்காளத்துக்கும் ஆளுநராக இருந்தவர். அண்ணன் 1943இல் ஜெர்மானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதால் பட்டம் தம்பிக்கு வந்திருந்தது. 1946 அக்டோபர் 26 அன்று ராம்சி நகரத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதில் மணமகளின் தோழியரில் ஒருவராக நின்றவர், பின்னாளில் ராணியான இளவரசி எலிசபெத்.

கேள்வி: நம் மீனாட்சியம்மைக்குச் சித்திரையில் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறோம். மலையத்துவச பாண்டியனுக்கு மகன் இல்லாததால் மகளே அரசியானாள் என்பது இவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். இங்கிலாந்தில் பிரபுவின் பட்டமும் அப்படித்தான் மகளுக்குப் போகிறதா?
– சட்டக் கல்லூரி மாணவி, ஒத்தக்கடை

பதில்: போவதில்லை, மகளே. பட்ரீஷியாவுக்குப் போனது ஒரு விதிவிலக்கு. அங்கே அரசரின் மகுடத்துக்கு ஒரு விதி, பிரபுக்களின் பட்டத்துக்கு வேறொரு விதி. மகன் இல்லாத அரசருக்கு மகள் மகுடம் சூடுவது நெடுங்கால வழக்கம். இரண்டாம் எலிசபெத் அப்படி அரியணை ஏறியவர்தான். ஆனால் பரம்பரைப் பட்டங்களில் பெரும்பாலானவை ஆண் வழியில் மட்டுமே இறங்கும். மகன் இல்லையென்றால் தம்பிக்கோ, தம்பி மகனுக்கோ, பார்த்தே அறியாத ஒன்றுவிட்ட உறவினருக்கோ போகும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், வீட்டில் நான்கு பெண்கள் இருந்தாலும் பட்டம் அற்றுப்போகும். ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் சிலவற்றிலும் இங்கிலாந்தின் மிகப் பழைய பாரன் பட்டங்கள் சிலவற்றிலும் மட்டும் பெண்களுக்கு வழி உண்டு.

பட்டத்தை வழங்கும் அரச சாசனத்திலேயே தனியாக ஒரு வாசகத்தைச் சேர்த்து மகளுக்கு வழி ஏற்படுத்துவது அரிதாக நடக்கும். ஒரு காலத்தில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தம் ஒரே மகனைப் போரில் பறிகொடுத்த பிறகு 1901இல் ஏர்ல் என்னும் உயர்நிலைப் பிரபுப் பட்டம் பெற்றபோது அப்படி எழுதினார்கள். மவுண்ட்பேட்டனுக்கு 1946இல் ஏர்லுக்கு அடுத்த படியான வைகவுண்ட் பட்டமும் 1947இல் ஏர்ல் பட்டமும் வழங்கியபோதும் அவ்வாறே எழுதினார்கள். அந்த வாசகத்தின் பலனாகத்தான் பட்ரீஷியா, பர்மாவின் மவுண்ட்பேட்டன் என்ற பெயரில் இரண்டாம் கவுன்டெஸ் (ஏர்ல் பட்டத்தின் பெண்பால்) ஆனார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை உறுப்பினர்களில் பெரும்பாலோரை வெளியேற்றும்வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தம் சொந்த உரிமையில் உறுப்பினராகவும் இருந்தார். கணவரும் மனைவியும் தனித்தனியே பட்டம் உடையவர்களாக இருந்த மிகச் சில குடும்பங்களுள் அதுவும் ஒன்று.

அந்தச் சாசனம் மகளுக்குத் திறந்த கதவை அவருக்குப் பின் மறுபடி அடைத்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அவருக்குப் பிறகு அவருடைய ஆண் வாரிசுகளுக்கே பட்டம் என்பது விதி. ஜோஅன்னா, அமண்டா என்று இரண்டு மகள்கள் இருந்தும், இப்போது மூன்றாம் ஏர்லாக இருப்பவர் மகன் நார்டன். 2013இல் இயற்றிய சட்டம் மகுடத்துக்கான வரிசையில் தம்பிக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது. பிரபுக்களின் பட்டங்களை அது தொடவில்லை. இது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1829இல் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் மகன் இன்றி மறைந்தபோது, ஜமீன் அவருடைய அண்ணன் வழியினரிடம் சென்றது. பல்லாண்டு வழக்குகளுக்குப் பிறகு, அது தேவர் தாமாக அடைந்த தனிச் சொத்து என்றும் அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்கே உரியது என்றும் 1863இல் தீர்ப்பு வந்தது. அதை வழங்கியது, அன்று நம் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். சிவகங்கையில் ஒரு மகளின் உரிமையை ஏற்ற அதே நகரத்தில், பிரபுக்களின் மகள்களுக்கு இன்றும் பொதுவாக அந்த உரிமை இல்லை.

கேள்வி: ஒரே நாளில் தகப்பனையும் பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். என் மகன் போய் மூன்று வருடமாகிறது. அந்த அம்மா எப்படித் தாங்கினார்? பணமும் பதவியும் இருந்ததால் தாங்கினாரா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

1979 ஆகஸ்ட் 27. அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் முல்லக்மோர் என்ற கடலோரச் சிற்றூரில் குடும்பம் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தது. நண்டுக்கூடைகளைப் பார்த்துவரக் காலையில் சிறிய மரப்படகில் கிளம்பினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையினர் படகில் மறைத்து வைத்திருந்த குண்டு வெடித்தது. 79 வயது மவுண்ட்பேட்டனும், பட்ரீஷியாவின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனான 14 வயது நிக்கலஸும், படகில் உதவிக்கு வந்திருந்த 15 வயதுச் சிறுவனும் அங்கேயே இறந்தார்கள். படகில் இருந்த பட்ரீஷியாவின் 83 வயது மாமியார் மறுநாள் இறந்தார். பட்ரீஷியா, அவருடைய கணவர், இரட்டையரில் மற்றவனான டிமத்தி மூவரும் படுகாயங்களுடன் மீட்கப்பட்டார்கள். பட்ரீஷியாவின் முகத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தையல்கள் போடப்பட்டன. கவுன்டெஸ் பட்டம் அவருக்கு வந்தது அந்த நாளில்தான்.

இங்கிலாந்தில் மெர்ஷம் என்ற சொந்தக் கிராமத்தில் நிக்கலஸை அடக்கம் செய்தபோது, பெற்றோர் இருவரும் கூடப்பிறந்த டிமத்தியும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார்கள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. உயிருக்கு உயிராக நேசித்த தந்தைக்காகத் தம்மால் அழ முடியவில்லை என்றும், மகனை இழந்த துயரமே தம்மை முழுக்க நிறைத்துவிட்டது என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புத்திர சோகம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கு முன்பே, 1952இல், பிறந்த அன்றே இறந்த மகன் ஒருவனும் அவருக்கு இருந்தான். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர், இருவரை முன்னால் அனுப்பினார்.

பணமும் பதவியும் அவருக்கு நல்ல மருத்துவத்தைக் கொடுத்திருக்கும், ஆறுதலைக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை இழந்த பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க நடத்தும் 'தி கம்பேஷனேட் ஃபிரண்ட்ஸ்' என்ற அமைப்பு பிரிட்டனில் உண்டு. மருத்துவரோ போதகரோ அல்ல, அதே துக்கத்தைப் பட்ட இன்னொரு தாயோ தந்தையோ வந்து உட்கார்ந்து கேட்பதுதான் அதன் முறை. பட்ரீஷியா அதன் புரவலராக இருந்து, தம் இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். துக்கத்தை வெளியே காட்டுவதே தகாது என்று வளர்க்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துக்கம் விசாரிக்க வருவோரும் குறைந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பேரைச் சொன்னால் தாய் அழுவாள் என்று பேச்சையே மாற்றிவிடுகிறார்கள். உங்கள் மகனுடைய பேரைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவர், உங்களைப் போலவே பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய், திருமங்கலத்திலோ பக்கத்து ஊரிலோ கட்டாயம் இருப்பார். அவரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசிப் பாருங்கள்.

அந்த அம்மா அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 2017 ஜூன் 13 அன்று, தம் 93ஆவது வயதில், நிக்கலஸ் அடக்கமாகியுள்ள அதே மெர்ஷம் கிராமத்தில் இருந்த தம் வீட்டில் கண்மூடினார்.