பிராண்டிங், மார்க்கெட்டிங் இரண்டும் ஒன்றுதானா? சிறு தொழில் செய்பவர் முதலில் எதற்குப் பணம் போட வேண்டும்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், யாரோ உங்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. புது லோகோ, புது நிறம், வெப்சைட், ஆறு மாதத்துக்கு சோஷியல் மீடியா. "முதல்ல பிராண்டிங்கை முடிச்சிடுவோம், அப்புறம் மார்க்கெட்டிங்" என்றும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதே பட்டியல்தான் வந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இந்தத் துறையைப் படித்தவள் இல்லை. பை தைப்பவள். 2013-இல் இரண்டு மெஷின் வைத்து ஆரம்பித்தேன். கேன்வாஸ் பை, தோள் பை, பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை. தொழிலின் பெயரை இங்கே போடவில்லை, போட்டால் விளம்பரத்துக்காக எழுதினேன் என்று நாலு பேர் சொல்வார்கள்.

ஆரம்பத்தில் ஒரு பச்சை கேன்வாஸ் ரோல் மிச்சமாகக் கிடந்தது. அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, போன் நம்பரை அச்சடித்து, ஒவ்வொரு பையின் உள்தையலிலும் வைத்துத் தைத்தேன். வார் பிய்ந்தாலோ, ஜிப் ரன்னர் போனாலோ அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் காசு வாங்காமல் சரி செய்து கொடுப்போம், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி. இது பெரிய திட்டம் எதுவும் போட்டு வந்ததில்லை. முதல் வருஷம் எனக்குக் கிடைத்த நூல் மட்டம், பைகள் திரும்பி வந்தபடி இருந்தன. செய்த தப்புக்குக் காசு வாங்க மனசு வரவில்லை. பிறகு நல்ல நூலுக்கு மாறினோம், இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் வழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஐந்து வருஷம் இப்படியே போனது. வந்தவர்கள் திரும்ப வந்தார்கள், கூட ஒருவரை அழைத்து வந்தார்கள். "பச்சைத் துண்டு வச்ச பை" என்று கேட்டு வாங்குவார்கள். எங்கள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அது எனக்குக் குறையாகவே பட்டது. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் 2018-இல் ஒரு விளம்பர ஏஜென்சி உள்ளே வந்தது.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர்கள், நேரத்துக்கு முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் என் வாடிக்கையாளர்களில் ஒருவரிடமும் அவர்கள் பேசவில்லை, நானும் பேசச் சொல்லவில்லை. பச்சைத் துண்டு மலிவாகத் தெரிகிறது என்றார்கள், எடுத்தேன். சாம்பல் நிற லேபிள், அதில் தங்க எழுத்து, வாயில் நுழையாத ஒரு புதுப் பெயர். "கிழிந்தால் தைத்துத் தருவோம்" என்ற வாசகத்தையும் தூக்கச் சொன்னார்கள். உயர்ந்த பொருள் விற்பவர்கள் கிழிவதைப் பற்றிப் பேசக் கூடாதாம். சேமிப்பில் பாதிக்கு மேல் இதற்கே போனது. மிச்சத்தை ஆன்லைன் விளம்பரத்தில் போட்டேன்.

விளம்பரம் வேலை செய்தது. இதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மாதம் ஆர்டர் மும்மடங்கு வந்தது. எங்களிடம் இருந்தது ஐந்து பேர். ராத்திரி பத்து மணி வரை மெஷின் ஓடியது. பத்து நாளில் கொடுக்க வேண்டியது இருபத்தைந்து நாள் ஆனது. அவசரத்தில் கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட வேண்டிய இடத்தில் ஒற்றைத் தையல் போய்விட்டது. புதிதாக வந்தவர்களுக்கு எங்களைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் "லேட் பண்ணுவாங்க" என்பதுதான். அந்தப் பெயரைக் காசு கொடுத்துப் பரப்பினேன்.

அதைவிட வலித்தது ஒரு போன். முதல் வருஷத்திலிருந்து வாங்கும் ஒரு அம்மா. "ஏம்மா, தொழிலை வித்துட்டியாமே?" என்றார். இல்லையே என்றேன். "உன் பை வைக்கிற கடையில போய்ப் பார்த்தேன். பச்சைத் துண்டைக் காணோம், பேரும் வேற. அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிடுச்சு போலன்னு நினைச்சு, பேரனுக்கு வேற பை வாங்கிட்டேன்." என் பை எதிரே தொங்கும்போதே என்னைத் தேடி ஏமாந்து போயிருக்கிறார். எனக்குப் பேச்சே வரவில்லை.

இனி உங்கள் கேள்வி. மார்க்கெட்டிங் என்பது தெரியாத ஆளிடம் போய்ச் சேர்ந்து அவரை முதல் தடவை வாங்க வைப்பதற்கான எல்லா வேலையும். விளம்பரம் அதில் ஒரு பங்குதான். ஜெரோம் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் 1960-இல் இதை நான்காகப் பிரித்தார்: பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரப்படுத்துதல். நம்மைப் போன்றவர்கள் நான்காவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறோம். ஐந்து பேரை வைத்து எத்தனை பை தைக்க முடியும் என்று கணக்குப் போடுவதும் மார்க்கெட்டிங்கில் சேர்ந்ததுதான். நான் போடவில்லை.

பிராண்டிங் வேறு. மாட்டுக்குக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மந்தையில் மாடு கலந்துவிட்டால் இது இன்னாருடையது என்று கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது. பிரிட்டனில் 1876-இல் வணிகச் சின்னங்களுக்கான பதிவேடு திறந்தபோது முதலில் ஏறியது பாஸ் என்ற மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பார்த்தவுடன் யாருடைய சரக்கு என்று தெரியும், போன தடவை வாங்கியது எப்படி இருந்தது என்பதும் கூடவே நினைவுக்கு வரும். என் பச்சைத் துண்டு செய்ததும் இதே வேலைதான். அதன் பின்னால் இலவசத் தையல் என்ற வாக்கு இருந்தது. வாக்கைக் காப்பாற்றியதால் துண்டுக்கு மதிப்பு வந்தது. ஏஜென்சி அடையாளத்தையும் வாக்கையும் ஒரே நாளில் அறுத்து எறிந்துவிட்டு, அதற்கு பிராண்டிங் என்று பில் போட்டது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராபிக்கானா தன் பழச்சாறு டப்பாவை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த சாறு அதேதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழ, பழைய டப்பாவையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2010 அக்டோபரில் கேப் (Gap) என்ற ஆடை நிறுவனம் லோகோவை மாற்றிவிட்டு, ஒரே வாரத்தில் பழையதற்குத் திரும்பியது. பழையதற்குத் திரும்புவதற்கு அவர்களிடம் பணம் இருந்தது. நமக்கு அந்த இரண்டு மாதத்தைத் தாங்கும் கையிருப்பு கிடையாது.

"பிராண்டிங் மார்க்கெட்டிங்குக்குள்ளேயே அடங்கியதுதானே, பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். சரி, ஒத்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு அப்படியே எழுதுங்கள். கையில் இருக்கும் கொஞ்சம் பணத்தை எதில் போடுவது என்று தவிப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். நல்ல டிசைனர்களை நான் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இருப்பதைக் கெடுக்காமல் திருத்திக் கொடுக்கும் டிசைனர் கிடைத்தால் கேட்ட பணத்தைக் கொடுக்கலாம்.

பணம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய பில் புக்கை எடுத்து இருபது முப்பது பேருக்கு போன் போடுங்கள். இரண்டே கேள்வி. எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது? இன்னொருவரிடம் எங்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? முதல் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுடைய மார்க்கெட்டிங் எங்கே நடக்கிறது என்று காட்டும். இரண்டாவதற்கு வருவதுதான் உங்கள் பிராண்ட், நீங்கள் அப்படி நினைத்திருக்காவிட்டாலும். நான் இதைச் செய்தது எல்லாம் போன பிறகு. பாதிக்கு மேற்பட்டவர்கள் "தைச்சுக் குடுப்பாங்க" என்றார்கள். லோகோவை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால், அல்லது யாருமே எதுவும் சொல்ல முடியாமல் திணறினால், உங்களுக்கு இன்னும் பிராண்ட் உருவாகவில்லை. அதை லோகோ வாங்கி உருவாக்க முடியாது.

போன் போடுவதற்கே ஆள் இல்லை, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன் என்றால், பணத்தை ஆள் சேர்ப்பதில் போடுங்கள். பெயர், நிறம், போன் நம்பர் மூன்றையும் ஒரு தடவை முடிவு செய்துவிட்டு மாற்றாமல் இருங்கள். மாற்றாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

செலவு செய்துதான் தீர வேண்டிய ஒன்று பதிவு. என் பழைய பெயரை ஐந்து வருஷம் பதிவு செய்யாமலே ஓட்டினேன், பெரிய தப்பு. உலகின் பெரும்பாலான நாடுகளில் வணிகச் சின்னத்தை வகை வாரியாகத்தான் பதிவு செய்கிறார்கள், மொத்தம் 45 வகை, பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11. பை 18-ஆம் வகையில் வரும். பதிவு பொதுவாக 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அதேபோல லோகோ வரைந்து வாங்கினால் மூலக் கோப்பையும், உரிமை உங்களுக்கு மாறியது என்று எழுத்தில் ஒரு தாளையும் வாங்கிவிடுங்கள். வெப்சைட் முகவரி, சோஷியல் மீடியா பக்கத்தின் பாஸ்வேர்டு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். என்னுடையது ஏஜென்சியின் பெயரில் இருந்தது, மீட்க நாலு மாதம் அலைந்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்தச் சமயத்தில் நான் மூழ்கிப் போனதற்கு விளம்பரம் மட்டும் காரணம் இல்லை. ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாகப் பை வாங்கிவிட்டு 90 நாள் கழித்துத்தான் காசு கொடுப்போம் என்றது. 90 நாள் ஆனதும் பில்லில் ஒரு எழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பி, கணக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் தையல்காரர்களுக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும். அவர்களிடம் போய் 90 நாள் பொறு என்று சொல்ல முடியுமா? சிறு தொழில் செய்பவர்களுக்கு எல்லோரும் விளம்பரம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். சரக்கு கொடுத்த காசை நேரத்துக்கு வாங்குவது எப்படி என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. மொத்த ஆர்டர் எடுத்தால் பாதி அட்வான்ஸ் இல்லாமல் துணியை வெட்டாதீர்கள்.

2020-இல் பழைய பெயருக்கே திரும்பினோம். இந்தத் தடவை பதிவும் செய்தாயிற்று. பச்சைத் துண்டு திரும்ப வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். சாம்பல் லேபிள் போட்ட காலத்தில் விற்ற பைகள் இப்போதும் பழுதுக்கு வருகின்றன, பெரும்பாலும் அந்த ஒற்றைத் தையல் கைப்பிடிகள்தான். அவற்றுக்கும் காசு வாங்குவதில்லை. கைப்பிடியை இரட்டைத் தையலாகப் போட்டு, உள்ளே ஒரு பச்சைத் துண்டையும் வைத்துத் தைத்துத்தான் திருப்பி அனுப்புகிறோம்.