பெரிய டீசல் வண்டியோடு தினப்பாடு: கேள்வி பதில்

கோவையில் டீசல் வேலை பார்க்க ஆரம்பித்து 26 வருடம். பம்ப், நாசில் கழற்றிப் பெஞ்சில் வைத்த காலத்தில் தொடங்கி, லேப்டாப்பைச் செருகிப் பார்க்கும் காலத்துக்கு வந்தாயிற்று. நான் ஓட்டுவதும் இரண்டு டன் ஏழு சீட்டர் டீசல்தான். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். இன்சூரன்ஸ், லோன், எந்தக் கலர் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

அண்ணா, புது டீசல் எஸ்.யு.வி. எடுத்து எட்டு மாதம், 3,000 கி.மீ.கூட ஆகவில்லை. பையனை ஸ்கூலில் விடுவேன், கடைக்குப் போவேன், அவ்வளவுதான். அதற்குள் டி.பி.எஃப். விளக்கு மூன்று தடவை எரிந்துவிட்டது. வண்டியில் கோளாறா? (ஆர்.எஸ்.புரம்)

வண்டியில் கோளாறு இல்லை தம்பி. அதற்கு நீங்கள் கொடுக்கும் வேலையில்தான் கோளாறு.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் வண்டிகளின் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்று ஒரு சல்லடை உட்கார்ந்திருக்கிறது. கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கரி நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சல்லடைக்குள் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். பைபாஸில் அரை மணி ஓடினால் அந்தச் சூட்டைக் கொண்டுவருவது சுலபம். மூன்று கி.மீ. தள்ளியிருக்கும் ஸ்கூலுக்குப் போய் வந்தால் வராது, இன்ஜின் ஆயில்கூட ஒழுங்காகச் சூடாகியிருக்காது.

சூடு வரவில்லை என்றால் கம்ப்யூட்டரே ஒரு வேலை செய்யும். எரிந்து முடியும் நேரத்தில் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் டீசலை அடித்து, அந்தச் சூட்டைச் சல்லடைக்கு அனுப்பும். இது நடக்கும்போது கவனித்தால் தெரியும்: நின்றிருக்கும்போது 800-ல் இருக்கும் ஆர்.பி.எம். 1,000 பக்கம் ஏறும், மைலேஜ் எண் சட்டென்று விழும், ரேடியேட்டர் ஃபேன் விமானம் கிளம்புவது போல ஓடும், ஒரு காட்டமான வாசனை வரும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி அணைக்கிறீர்கள். பாதியில் நின்றது மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு தடவையும் அப்படி அடித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே ஆயில் நிற்கிறதா? “பரவாயில்லை, ஆயில் குறையவே இல்லை” என்று சந்தோஷப்படாதீர்கள். ஏறியிருப்பது டீசல். விரலில் தொட்டால் தண்ணியாக ஓடும், முகர்ந்தால் பங்க் வாசனை அடிக்கும். அந்த ஆயிலோடு டர்போ ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடனே ஆயில் மாற்றுங்கள், சாம்பல் குறைவாக விடும் ரகத்தில், கையேட்டில் போட்டிருக்கும் அதே தரத்தில்.

அப்புறம் வாரம் ஒரு நாள் நீலாம்பூரில் ஏறி அவிநாசி வரை 80-ல் போய்த் திரும்புங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேலேயே வைத்திருங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஸ்கூலுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. புது வண்டியில் ஏறவே முடியவில்லை. ஃபுட்போர்டு மாட்டினால் சரியாகுமா? (சேலம்)

ஃபுட்போர்டு ஒல்லியாக இருந்தால் இன்னும் ஆபத்து, மழையில் வழுக்கும். என் அம்மாவுக்கு நான் செய்தது: ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், அகலமான மர முக்காலி ஒன்று. அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினேன். டிக்கியிலேயே கிடக்கும். காரில் முதலில் உட்கார்ந்து அப்புறம் காலை உள்ளே எடுப்பது பழக்கம் அல்லவா, இந்த உயரத்தில் அது நடக்காது. முக்காலியில் இரண்டு காலையும் வைத்து நின்று, கைப்பிடியைப் பிடித்து, அப்புறம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். கோயில், ஆஸ்பத்திரி வாசலில் நடைமேடை ஓரமாக ஒட்டி நிறுத்தினால் முக்காலியே வேண்டாம். முன் சீட்டில்தான் உட்கார வையுங்கள். மூன்றாவது வரிசைப் பக்கம் போகவே விடாதீர்கள். அங்கே போய் வர எனக்கே முனகல் வருகிறது.

ஆபீஸ் போக வர தினம் 14 கி.மீ. ஜி.எஸ்.டி. குறைந்திருக்கிறதே, டீசலே எடுத்துவிடலாமா? (சென்னை)

பெரிய எஸ்.யு.வி.க்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 22 சதவீத செஸ்ஸும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மொத்தமாக 40. குறைந்தது உண்மைதான். ஆனால் பெரிய பெட்ரோல் வண்டிக்கும் அதே வரிதான், ஆகவே இரண்டில் எது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கணக்குப் பாருங்கள். வருடத்துக்கு 5,000 கி.மீ. சென்னை நெரிசலில் டீசல் 10, பெட்ரோல் 8 கொடுக்கிறது என்று வைப்போம். லிட்டர் 92-ம் 101-மாகப் போட்டால் டீசலுக்கு 46,000, பெட்ரோலுக்கு 63,000 சொச்சம். மிச்சம் 17,000. டீசல் மாடலுக்கு இரண்டு லட்சம் கூடக் கொடுத்தால் அது திரும்பி வர 11 வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஆர்.எஸ்.புரம் தம்பியின் கதை வேறு. பெட்ரோல் எடுங்கள். மாதத்தில் நான்கு தடவை மதுரை, திருநெல்வேலி என்று ஓடுபவராக இருந்தால் என் பதிலே வேறு.

இன்னொன்று, அபார்ட்மென்டில் லிஃப்ட் பார்க்கிங் இருந்தால் அங்கே எழுதியிருக்கும் எடையையும் உயரத்தையும் படித்துவிட்டு ஷோரூம் போங்கள்.

வண்டியை நிறுத்தியதும் டர்போவுக்காக எவ்வளவு நேரம் ஐடிலில் விட வேண்டும்? (மூன்று பேர்)

ஊருக்குள் ஓட்டி வந்தால் தேவையில்லை. மலை ஏறியோ பைபாஸில் விரட்டியோ வந்தால் ஒரு நிமிடம்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். அப்பா 30 வருடம் லாரி ஓட்டியவர், அவர் சொல்லித்தந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பொள்ளாச்சி)

அப்பாவுக்கு வணக்கம். ஆனால் இது தப்பு. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்தாக வேண்டும்.

(மறுபடி பொள்ளாச்சி) டீசலையே நிறுத்திவிடும் என்பதை எப்படி நம்புவது? ஓடுகிற இன்ஜின் குடிக்காமல் ஓடுமா?

நானும் பார்த்துத்தான் நம்பினேன். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் பாதை உங்களுக்குத் தெரியும், 40 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைப் போனில் காட்டும் ஸ்கேனரைச் செருகி, போனைப் பக்கத்து சீட்டுப் பையன் கையில் கொடுத்து இறங்கினேன். மூன்றாவது கியரில் காலை எடுத்தபோது இன்ஜெக்‌ஷன் அளவு 0. வளைவுக்கு முன் இரண்டாவதுக்கு மாற்றினேன், ஆர்.பி.எம். 2,400-க்கு ஏறியது, அப்போதும் 0. அட்டகட்டிக்குக் கீழே பின்னால் யாரும் வராத நேரான ஓர் இடத்தில் ஐந்து விநாடி நியூட்ரல் போட்டேன். உடனே எண் ஏறிவிட்டது. அந்த ஐந்து விநாடியில் வண்டி எடுத்த வேகத்தைப் பார்த்துப் பையன் போனை மடியில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

(திண்டுக்கல்) பொள்ளாச்சிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கியரில் விட்டால் வண்டி இழுத்து நின்றுவிடுகிறது, மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்க வேண்டியிருக்கிறதே?

இது நல்ல கேள்வி. லேசான சரிவில் நீங்கள் சொல்வது பாதி சரி. கியரில் விட்டால் வண்டி இழுக்கும், நியூட்ரலில் அதே வேகத்தில் ஒரு கி.மீ. உருளும், கணக்கில் சொட்டு மிச்சமாகலாம். ஆனால் சரிவு செங்குத்தானால் உங்களுக்கு வேண்டியதே அந்த இழுவைதான். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் பெட்ரோல் அளவுக்கு வேலை செய்வதில்லை. அதனால் இன்ஜின் பிரேக்கிங்கும் கொஞ்சம் குறைவு. லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று வைப்பது அதற்குத்தான். அப்படி இருக்க, இருப்பதையும் நியூட்ரலில் போட்டுக் கழற்றிவிடலாமா?

மலையிலிருந்து வெறும் பிரேக்கிலேயே இறக்கிக்கொண்டு வந்த ஓர் இரண்டு டன் வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் ஆயில் காபி டிக்காஷன் நிறம், நான்கு வருடமாக மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும், ஆவி அழுந்தும், பெடல் தரை வரை போகும். அதை ஓட்டி வந்தவர் மண்மேட்டில் ஏற்றி நிறுத்திப் பிழைத்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாற்றுங்கள்.

(பொள்ளாச்சி) அப்பா ஓட்டியது பழைய லாரி, கம்ப்யூட்டர் கிடையாது. அதில் சரிதானே?

பழைய பம்பிலும் கவர்னர் என்று ஒன்று உண்டு. காலை எடுத்து, சுற்றும் வேகம் ஐடிலுக்கு மேல் இருந்தால் அதுவும் டீசலை அடைக்கும். எத்தனையோ பம்பை நானே பெஞ்சில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: “ஏறின கியரிலேயே இறங்கு” என்று அவருடைய காலத்து டிரைவர்கள் சொன்னார்களா இல்லையா? சொல்லியிருப்பார்கள். லோடு ஏற்றிய லாரியை மலையில் நியூட்ரலில் விட்டவர் 30 வருடம் ஓட்டியிருக்க மாட்டார். சமவெளிச் சரிவில் விட்டிருப்பார். அதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

டி.பி.எஃப். விளக்கு எரிகிறது, என்ன செய்வது? (மதுரை, ஈரோடு, தஞ்சாவூர்)

முதல் பதில். டிப் ஸ்டிக்கையும் பாருங்கள்.

டி.பி.எஃப்.பையே கழற்றிவிட்டு ப்ரோகிராம் மாற்றித் தருகிறார்களாம். பிக்கப் கூடுமாம். செய்யலாமா?

என்னிடம் வராதீர்கள். சட்டப்படி தப்பு, வாரண்டியும் போச்சு. உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தையின் மூக்குக்குள் போகும் கரிக்கு யார் பதில் சொல்வது?

டெஃப் விலை அதிகம். அது யூரியா தண்ணீர்தானே, உர மூட்டையில் கொஞ்சம் எடுத்து வீட்டில் கரைத்து ஊற்றலாமா? (விழுப்புரம்)

ஐயா, வேண்டவே வேண்டாம். டெஃப் என்பது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றுவது. அதில் 32.5 சதவீத யூரியா, மீதி உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவில் இருக்கும் மற்றச் சரக்கும், போர் தண்ணீர் உப்பும் அந்தச் சின்ன நாசிலை அடைத்துவிடும். மிச்சம் பிடித்த காசு பல மடங்காகத் திரும்பிப் போகும். தீர்ந்து எச்சரிக்கை வந்தும் ஊற்றாமல் ஓட்டினால், ஒரு கட்டத்தில் அணைத்த வண்டி திரும்பக் கிளம்பாது. நீல மூடிதான் டெஃப். டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

டெல்லி நம்பர் டீசல் ஒன்பது வருட வண்டி பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (திருவள்ளூர்)

அங்கே ஏன் மலிவு என்று தெரிந்து வாங்குங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் டெல்லி சுற்றுவட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறம் அதன்மேல் பல உத்தரவுகள் மாறி மாறி வந்துவிட்டன. தமிழ்நாட்டில் அந்தப் பத்து வருடக் கணக்கு இல்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தால் பாதி விலை முக்கால் விலை ஆகும். லோன் முடிந்த தாளும் என்.ஓ.சி.யும் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் டிப் ஸ்டிக்.

உயரமான வண்டிதானே, வேளச்சேரித் தண்ணீரில் ஓட்டலாமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் ஒரு வண்டி லாரியில் ஏற்றி என்னிடம் வந்தது. தண்ணீரில் அணைந்துபோனது. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஓனர் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்திருக்கிறார். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் ரொம்பச் சின்னது, கொஞ்சம் தண்ணீர் போதும். கனெக்டிங் ராடு வாழைப்பழம் போல வளைந்திருந்தது. முன் பம்பர் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள். நடுவில் அணைந்தால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடங்கள்.

முன்னால் பெரிய புல் பார் மாட்டலாமா? மாட்டாதீர்கள். சட்டப்படி கூடாது, ஏர்பேகையும் குழப்பும்.

4 வீல் போட்டுக்கொண்டே பைபாஸில் போகலாமா? உங்கள் வண்டியில் லீவரோ திருகோ வைத்துப் போடும் ரகம் என்றால் கூடாது. சேறு, மணலில் மட்டும்.

டி.பி.எஃப்… போதும்.

(பொள்ளாச்சி, கடைசியாக) அப்பாவிடம் கேட்டேன். “ஏறின கியர்” என்று சொன்னது உண்மைதானாம். ஆனால் அந்த 0 என்ற எண்ணை அவர் நம்பவில்லை. ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஸ்கேனரோடு வருவீர்களா?

வருகிறேன். காலை ஆறரைக்கு ஆழியார் செக்போஸ்ட்டில் இருப்பேன். இறங்கும்போது ஸ்கேனர் அப்பா கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன், வண்டி ஆறியிருக்கும்போதே, டிப் ஸ்டிக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.