கணினி கேள்வி பதில்: நீக்க நீக்கத் திரும்பி வரும் 'பேக்டோர்'

கேள்வி: தென்காசிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன மாதம் தெரிந்த பையன் ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து, போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போட முடிந்தது. இப்போது விண்டோஸ் டிஃபெண்டர் 'பேக்டோர்' என்று தொடங்கும் ஒரு பெயரைக் காட்டுகிறது. 'ரிமூவ்' கொடுத்தால் போய்விடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி நிற்கிறது. வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன், என் பேங்க் வேலை எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான். ஃபார்மட் செய்தால் போதுமா?

பதில்: முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். அப்புறம் மேலே படியுங்கள், அம்மா.

பேக்டோர் என்பது வெளியில் இருக்கும் ஒருவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து போக வைத்த வழி. அவரால் ஃபைல்களை எடுக்க முடியும், நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பதிய முடியும், திரையைப் பார்க்க முடியும். 1998-இல் வந்த 'பேக் ஓரிஃபிஸ்' என்ற பேக்டோர், 31337 என்ற போர்ட்டில் (போர்ட் என்பது நெட் போக்குவரத்துக்கான எண் போட்ட வாசல்) வெளியிலிருந்து யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக் கிடக்கும். வீட்டுக்கு வீடு ரவுட்டர் வந்தபின் வெளியிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் இன்றைய பேக்டோர்கள் உள்ளேயிருந்து தாங்களே தங்கள் ஆளைக் கூப்பிடுகின்றன. பல நேரம் 443 என்ற போர்ட் வழியாக. நீங்கள் பிரவுசரில் பேங்க் தளத்தைத் திறக்கும் அதே போர்ட். நெட் மெதுவாக இல்லையே, எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சரி, ஏன் திரும்பி வருகிறது? டிஃபெண்டர் பிடிப்பது ஒரு ஃபைலை. அதைத் தினமும் கொண்டுவந்து வைக்கும் ஆள் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையாக, அல்லது விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பட்டியலில் ஒரு வரியாக. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற இடத்தையும் பாருங்கள்; டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் அது காலியாக இருக்க வேண்டும். ஆன்டிவைரஸை அணைத்துப் போட்ட கிராக், தன் ஃபோல்டரை அங்கே எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அதை நீக்கிவிட்டு 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் எழும் முன்பே, கால் மணி நேரம் போல ஓடும். மைக்ரோசாஃப்ட்டின் இலவச 'ஆட்டோரன்ஸ்' கருவி, கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழும் எல்லாவற்றையும் பட்டியல் போடும். அதை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள்.

இதையெல்லாம் செய்து சுத்தமான பின்பும் அந்த மெஷினில் நான் பேங்க் வேலை செய்ய மாட்டேன். உள்ளே வந்தவர் இன்னும் என்னென்ன வைத்துவிட்டுப் போனார் என்று எந்த ஸ்கேனும் உறுதி தராது. ஆகவே ஃபார்மட்தான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து, டி டிரைவை அப்படியே விட்டு, லைசென்ஸ் இல்லாமலே ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸை ஏற்றித் தருகிறார்கள். அந்த ஆக்டிவேட்டர் வழியாகவே அடுத்த பேக்டோர் வரலாம். ஃபைல்களைக் காப்பி எடுத்தபின் எல்லா பார்ட்டிஷன்களையும் அழிக்கச் சொல்லுங்கள். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, வேறு கம்ப்யூட்டரில், 8 ஜிபி பென் டிரைவில் இறக்கலாம். காப்பி எடுக்கும்போது படம், பிடிஎஃப், டிசைன் ஃபைல்கள் மட்டும் போதும். சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர் எதுவும் வேண்டாம்.

பாஸ்வேர்டு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். பல வருடம் முன்பு என் சர்வீஸ் கடைக்கு ஒரு டீச்சர் லேப்டாப் கொண்டுவந்தார். பேக்டோரை எடுத்தேன், விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், கொடுத்து அனுப்பினேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் மெயிலிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் பணம் கேட்டுக் கடிதம் போயிருந்தது. பாஸ்வேர்டு முன்பே திருடு போயிருந்தது. அது என் தவறு; இன்றும் வருத்தம்தான்.

ஆகவே இன்றே, உங்கள் போனிலிருந்து, முதலில் மெயில், அடுத்து பேங்க். மாற்றும்போது 'எல்லாச் சாதனங்களிலும் சைன் அவுட்' என்பதையும் கொடுங்கள். லாகின் ஆன நிலையையே திருடியிருந்தால் ஓடிபி காப்பாற்றாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஆதார் கொடுத்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பயோமெட்ரிக்கை ஆதார் ஆப்பிலேயே லாக் செய்யலாம் என்றும் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அது அவர்களுடைய ஆதார். இனி பிரிண்ட் கொடுத்த கையோடு ஸ்கேனை அழித்துவிடுங்கள். போட்டோ வேலைக்கு ஜிம்ப், டிசைனுக்கு இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம். பழக ஒரு மாதம் ஆகலாம்.

கேள்வி: நான் கிராக் எதுவும் போடுவதில்லை. எனக்கும் பேக்டோர் வருமா?

பதில்: அரிதாக வரும். 2017-இல் கம்ப்யூட்டரின் குப்பை ஃபைல்களை நீக்கும் சிசிளீனரின் 5.33 பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலிருந்தே பேக்டோரோடு இறங்கியது. 2024 மார்ச்சில் லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியிலும் ஒன்று சிக்கியது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதை விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த இரண்டுக்கும் தீர்வு அப்டேட்டாகத்தான் வந்தது.