ஊதியம் உயர்ந்தால் அரசு உதவி நின்றுவிடுமா?

கேள்வி: கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் ஒருவன் சம்பளத்தில்தான் மனைவியும் இரண்டு குழந்தைகளும் வாழ்கிறோம். மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் 10 விழுக்காடு கூடும். ஆனால் உணவு உதவியும் வாடகை உதவியும் குறையும், அரசின் மருத்துவக் காப்பீடு அடியோடு நின்றுவிடும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். பதவி உயர்வை மறுத்துவிடலாமா?

பதில்: உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் நீங்கள் சொல்லும் மூன்று உதவிகளும் ஒரே விதமாகக் குறைவதில்லை.

இப்போதைய சம்பளம் 100 என்றால் கூடுவது 10. அதில் வரியும் பிடித்தமும் 1 என்று வைத்துக்கொள்வோம். உணவு உதவி, கூடுதல் வருமானத்தில் கால் பங்கு அளவுக்குக் குறைந்தால் 2.5 போகும், வாடகையில் உங்கள் பங்கு 3 கூடும். மீதி 3.5 கையில் நிற்கும். படிப்படியாகக் குறையும் உதவிகள் பல சேரும்போது உயர்வின் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டுமே பார்ப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. பிரிட்டனில் ஆறு உதவிகளை ஒன்றாக்கி 'யுனிவர்சல் கிரெடிட்' கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வரி போக மிஞ்சும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 63 பென்ஸ் குறைத்துவந்தவர்கள், 2021இல் அதை 55 பென்ஸாகத் தளர்த்தினார்கள்.

உங்களை உண்மையில் நட்டத்தில் தள்ளக்கூடியது மருத்துவக் காப்பீடு ஒன்றுதான். வருமான உச்சவரம்பை ஓர் அடி தாண்டினாலும் அது முழுதாகப் போய்விடலாம். அதே காப்பீட்டை வெளியில் வாங்க 6 செலவாகுமானால், மேலே மிஞ்சிய 3.5 போய் 2.5 பற்றாக்குறை விழும். ஆகவே உங்கள் விசாரணை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கட்டும். உச்சவரம்பு மொத்தச் சம்பளத்துக்கா, ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தும் தொகை போக மீதிக்கா? பின்னதாக இருந்தால், அந்த நிதிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலுத்தியே வரம்புக்குள் நிற்க முடியும். அந்தப் பணமும் உங்களுடையதாகவே இருக்கும். குழந்தைகளுக்குத் தனி உச்சவரம்பு உண்டா? அமெரிக்காவில் குழந்தைகளுக்கான வரம்பு பெற்றோருக்கானதைவிட உயர்வானது என்பதால், தகப்பன் காப்பீட்டை இழந்த பிறகும் பிள்ளைகள் அதில் தொடர்வது சாதாரணம். சலுகைக் காலம் ஏதும் தருகிறார்களா என்பதையும் கேளுங்கள். வேலை வருமானம் கூடியதால் 'மெடிக்கெய்ட்' என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டை இழக்கும் பெற்றோர் சிலருக்கு அங்கே 12 மாதம் வரை அது நீடிக்கிறது; ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தரும் பிரேசிலின் 'போல்சா ஃபமீலியா' திட்டமும் வருமானம் ஓரளவு உயர்ந்த குடும்பங்களுக்குச் சிறிது காலம் பாதித் தொகையைத் தருகிறது.

சம்பள உயர்வை உதவி வழங்கும் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். உதவி நின்றதால் திண்டாடியவர்களைவிட, தகுதியில்லாமல் வாங்கிய தொகையைப் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்ட நேர்ந்து திண்டாடியவர்களே என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள்.

மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அடுத்த உயர்வுகளும் ஓய்வூதியமும் இன்றைய சம்பளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன; பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களை முன்னிட்டு வரும் உதவிகள் எப்படியும் நின்றுவிடும். எனவே பற்றாக்குறை ஓரிரு ஆண்டுகளில் சரியாகிவிடும் அளவுக்குச் சிறியதென்றால் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வீட்டில் யாருக்கேனும் தொடர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்: புதிய பதவியில் நிறுவனமே குடும்பத்துக்குக் காப்பீடு தருமா, எந்தத் தேதியிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தேதிக்குப் பிறகே சம்பள உயர்வு தொடங்கும்படி கேளுங்கள்.