சாதாரண விசுவாசிகளை நற்செய்தி சொல்லப் பழக்குவது எப்படி?

"எங்கள் சபையில் நாற்பது பேர் இருக்கிறோம். போதகரைத் தவிர வேறு யாரும் வெளியே வாய் திறப்பதில்லை. சாதாரண ஆட்களை எப்படிப் பழக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போதகர் இல்லை, வயல் செய்கிறவன். இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம் ஒரு சின்னச் சபையில் 2017 கடைசியில் இருந்து இதைச் செய்துவருகிறேன். முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் கென்னடி என்ற அமெரிக்கப் போதகர் 1962ல் புளோரிடாவில் தொடங்கிய பயிற்சி முறை ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இன்றைக்கு நீங்கள் இறந்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்பது அதில் முக்கியமான ஒரு கட்டம். நாங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். 2017 பெப்ரவரி 20ல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் ஒரு போராட்டம் தொடங்கினார்களே, அதில் மகனின் படத்தோடு போய் இருக்கிறவர் அவர். என்னோடு வந்த தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர பிள்ளை எங்க எண்டு முதல் சொல்லுங்கோ தம்பி. நான் செத்து எங்க போறன் எண்டு பிறகு கதைப்பம்" என்றார்.

கேள்வியில் பிழை இல்லை. யாரிடம் கேட்கிறோம் என்று பாராமல் கேட்டதுதான் பிழை. அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் முதல் ஒரு மாதத்துக்கு யாரும் எதையும் அறிவிப்பதில்லை. இரண்டிரண்டு பேராகப் போவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பார்கள், திரும்பி வந்து அந்த வீட்டுக்காக ஜெபிப்பார்கள். இதுவே பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. நமக்கு இடையில் புகுந்து ஆறுதல் சொல்லிப் பழகிவிட்டது.

அடுத்தது சொற்கள். இதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறோம். சபைக்குள் "விடுதலை" என்றால் பாவத்திலிருந்தும் நோயிலிருந்தும் கிடைக்கும் விடுதலை. வன்னியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தச் சொல்லைச் சொன்னால் கேட்கிறவருக்குப் புலிகள் இயக்கம் நினைவுக்கு வரும், அல்லது சிறையில் இருக்கும் மருமகன் நினைவுக்கு வருவான். "சாட்சி" இன்னும் பாரமான சொல். ஆணைக்குழுக்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சாட்சியம் சொல்லிக் களைத்த சனம் இது. அதனால், "என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லட்டுமா?" என்று கேட்கத்தான் பழக்குகிறோம். மூன்று நிமிடம் போதும். இரட்சிப்பு, அபிஷேகம் என்ற சொற்கள் இல்லாமல், பக்கத்து வீட்டுச் சைவக்காரருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும். மாற்கு 5ல் பிசாசு நீங்கினவனிடம் இயேசு சொன்னதும் இதுதான்: வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை உன் சனத்துக்குச் சொல்.

எங்களிடம் இதை நன்றாகச் செய்கிறவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி. 2009ல், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குள் படுத்துக்கொண்டு கடவுளோடு சண்டை பிடித்ததையும், ஒருநாள் அந்தச் சண்டை ஓய்ந்து அழுகை வந்ததையும் சொல்வார். அவ்வளவுதான் அவர் கதை. அதில் குணமான நோய் இல்லை, திரும்பி வந்த சொத்து இல்லை. ஆனாலும் சனம் அவரைத் தேடி வருகிறது.

உங்கள் சபையார் "நாங்கள் படிக்காத ஆட்கள், இது போதகரின் வேலை" என்றால் அப்போஸ்தலர் 8ஐ வாசித்துக் காட்டுங்கள். எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர்கள் அங்கேயே இருந்தார்கள். சிதறிப்போன மற்றவர்கள்தான் போன இடமெல்லாம் நற்செய்தி சொன்னார்கள். இடம்பெயர்ந்த சனத்துக்கு இந்த அதிகாரத்தை விளக்கத் தேவையில்லை.

சாமான் விஷயத்தில் நான் கடுமையாகவே இருக்கிறேன். அரிசிப் பையோடு வேதாகமத்தைக் கொண்டுபோகக் கூடாது. உதவி கொடுப்பதென்றால் வேறு நாள், வேறு ஆள், ஜெபம் பற்றிய பேச்சே வேண்டாம். பசிக்கிறவரிடம் சோற்றைக் காட்டி வாங்கும் தலையாட்டல் விசுவாசம் ஆகாது. அயலவரின் தெய்வத்தை இழிவாகப் பேசுகிறவரையும் நான் கூட்டிக்கொண்டு போவதில்லை. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குகிற அதே வீட்டார் மடு மாதாவுக்கும் நேர்த்தி வைப்பார்கள். அவர்கள் இயேசுவையும் கும்பிடுகிறோம் என்றால் உடனே ஆத்துமா கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சுவிசேஷத்தில் இருந்து கதை கதையாகச் சொல்லிக்கொண்டு போங்கள், நேரம் எடுக்கும்.

சட்டத்தையும் ஒரு நாள் கற்பிக்கிறோம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தைத் தருகிறது, 14ஆவது வழிபாட்டுக்கும் போதனைக்கும் இடம் தருகிறது. ஆனால் மதத்தைப் பரப்புவதைத் தனி அடிப்படை உரிமையாக அரசியலமைப்பு சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003ல் கூறியிருக்கிறது. வீட்டுக்காரர் "வேண்டாம்" என்றால் எழும்பி வந்துவிட வேண்டும். சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

கென்னடி முறையில் நான் இன்றும் விடாமல் வைத்திருப்பது ஒன்று: பழகினவர் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவது. வகுப்பில் கற்றது திண்ணையில் உதவாது. அந்த அம்மா வீட்டுக்கும் அதே தம்பியைக் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனேன். வேலி கட்டினோம், கிணறு இறைத்தோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவரே கேட்டார்: "உங்கட யேசுவின்ர தாய், மகன் செத்ததைக் கண்ணால கண்டவவோ?"

"ஓம் அம்மா, கிட்ட நிண்டவ" என்றான் தம்பி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். அம்மா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, "அவவைப் பற்றிச் சொல்லு" என்றார்.