பாஸ்டன் பெண், நெப்ராஸ்கா உழவன்: அப்பா சம்மதிக்காவிட்டால்?

1880இல் அமெரிக்காவில் நடக்கும் உங்கள் கதையில், பாஸ்டன் நகர வங்கிக்காரரின் மகள், புல்வெளி மாநிலமான நெப்ராஸ்காவின் உழவனைக் காதலிக்கிறாள். ‘அவனைக் கட்டினால் உனக்குச் சொத்து கிடையாது’ என்று அப்பா சொன்னதும் கதை நின்றுவிட்டது என்கிறீர்கள். ஓடிப்போகும் காட்சி வேண்டாங்க, அலுத்துப்போன விஷயம்.

குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயதான, கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரிலேயே 160 ஏக்கருக்கு அப்போது மனுப் போட முடிந்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அவளுக்கு. கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இருக்கவில்லை. ஆக, முதலில் மனு, அப்புறம்தான் கல்யாணம். காதலன் அவசரப்படட்டும், அவள் தள்ளிப்போடட்டும். அப்பாவோடு இருந்த சண்டை இவர்களுக்குள்ளேயே வந்துவிடும்.

வர்க்க வித்தியாசத்தை வீட்டில் காட்டுங்கள். அந்தக் கால நெப்ராஸ்காவில் மரம் அரிது; புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கித்தான் சுவர், மழை பெய்தால் கூரை ஒழுகும். அப்பா வந்து பார்க்கிற நாள் மழை நாளாக இருக்கட்டும்.